முறிகண்டியில் இறங்கிய பெடல்

முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் வாங்க வாகனத்தை நிற்பாட்டியபோதுதான் கவனித்தேன். பிரேக்கில் வைத்த கால் மெல்ல மெல்லக் கீழே போனது. இன்னொருதரம் மிதித்தேன், கல்லு மாதிரி நின்றது. பரந்தன் வரை ஒரு பிழையும் இல்லை.

ஒரு கராச்சில் பிரேக் கட்டைகளை மாற்றினார்கள். காசு போனது, வருத்தம் போகவில்லை.

பிரேக் ஒயில் மட்டம் குறையவில்லை. நாலு சில்லின் உட்புறமும் உலர்ந்தே கிடந்தது. சரி, ஒழுக்கு உள்ளுக்குள்தான். எஞ்சினை ஓடவிட்டு, கால் நுனியால் பெடலை மெதுவாக அழுத்திப் பிடித்தேன். அரை நிமிடத்தில் அடிக்கு வந்துவிட்டது. பெடலை மிதிக்க ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அதன் றபர் தேய்ந்தால் இப்படித்தான்: மெதுவாக அழுத்தினால் ஒயில் அதைத் தாண்டிப் பின்னுக்குத் தப்பிவிடும், ஓங்கி மிதித்தால் றபர் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கராச்சில் எல்லோரும் ஓங்கி மிதித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றார்கள்!

கழற்றினால் ஒயில் தேத்தண்ணி நிறம். சிலிண்டரின் உட்சுவரில் துருப்புள்ளிகள் நகத்தில் தட்டுப்பட்டன. றபர் மட்டும் போதும் என்றார் மெக்கானிக் அண்ணை. அந்தத் துருவில் உரசிப் புது றபரும் கிழியும் என்று முழுச் சிலிண்டரையும் மாற்றினேன். புது டொட் 3 பிரேக் ஒயில் விட்டு, மச்சான் பெடலை மிதிக்க, நான் ஒவ்வொரு சில்லாகப் பிரேக் குழாய்க்குள் நின்ற காற்றை எடுத்தேன்.

மாங்குளம் போய் வந்தாயிற்று. கச்சானும் வாங்கினேன்.