பல வருஷம் கழித்து வீணையை எடுக்கிறீர்களா? முதல் மாதத்தில் இதையெல்லாம் செய்யாதீர்கள்

உறையைக் கழற்றியதும் கை நேராகப் பிரடைக்குத்தான் (தந்தியை முறுக்கும் முளை) போகும். கொஞ்சம் பொறுங்கள். வருஷக்கணக்கில் தளர்ந்து கிடந்த தந்தியை ஒரேயடியாகப் பழைய சுருதிக்கு முறுக்கினால் பட்டென்று அறுந்துவிடும். துருப்பிடித்திருந்தால் ஏழு தந்தியையும் மாற்றிவிடுங்கள். புதுத் தந்தி சில நாள் சுருதி இறங்கிக்கொண்டேதான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

அடுத்து மெட்டுகள், அதாவது தந்திக்கு அடியில் வரிசையாக நிற்கும் உலோகக் கட்டைகள். 24 மெட்டும் மெழுகில் பதிந்து நிற்பவை. சூடான அறையில் கிடந்த வீணையில் மெழுகு இளகி மெட்டு சாய்ந்திருக்கலாம், காய்ந்து வெடித்தும் இருக்கலாம். சாரணியை (முதல் தந்தி) வெறுமனே மீட்டுங்கள், பிறகு 12ஆவது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். மேல் ஷட்ஜம் (மேல் ஸ) அச்சாகச் சேர வேண்டும். சேரவில்லை, தந்தியைத் தாங்கும் குதிரையும் நகரவில்லை என்றால், மேளம் கட்டுகிறவரிடம் (மெட்டுகளை மெழுகில் பதித்துத் தருகிறவர்) கொடுத்துவிடுங்கள். மெழுகில் நீங்களே கை வைக்காதீர்கள். 'இப்போதைக்கு ஓட்டலாம்' என்று அபஸ்வரத்திலேயே சாதகம் செய்தால் காது அதற்குப் பழகிவிடும். காதைத் திருத்துவது விரலைத் திருத்துவதைவிடக் கஷ்டம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, நேராக வர்ணம் மாதிரிப் பெரிய உருப்படியில் இறங்குவது. பன்னிரண்டு வருஷம் கழித்து உட்கார்ந்த அன்று நானும் அதைத்தான் செய்தேன். மோகன வர்ணத்தில் ஒரு ஸ்வரம்கூட மறக்கவில்லை. ஆனால் இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், இடது கை நின்றுவிட்டது. தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் விரல் வழுக்கியது. முக்கால் மணி நேரம் விடாமல் வாசித்துவிட்டுப் பார்த்தால் ஆள்காட்டி விரல் நுனியில் இரண்டு சிவந்த கோடு, ராத்திரிக்குள் கொப்புளம். ஆறு நாள் வீணையைத் தொட முடியவில்லை.

காதுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். விரலில் காய்ப்பு போயிருக்கும். அது திரும்ப வரச் சில வாரம் ஆகும். காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம், விரலில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு, மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, முதல் காலம் மட்டும். சின்ன வயதில் அவசரமாகத் தாண்டிப்போன பாடம்தான். இப்போது ஒவ்வொரு மீட்டும் வீணையின் குடத்துக்குள் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்கும். பக்கவாட்டில் இருக்கும் தாளத் தந்தியை 'அப்புறம் சேர்த்துக்கலாம்' என்று விட்டுவிடாதீர்கள், வலது சுண்டுவிரலுக்கும் அன்றிலிருந்தே வேலை கொடுங்கள்.

வெட்கப்பட்டுக்கொண்டு பழைய டீச்சரைத் தவிர்ப்பதும் வேண்டாம். நான் தயங்கித் தயங்கி போன் செய்தேன். இத்தனை வருஷம் எங்கே போனாய் என்று அவர் கேட்கவில்லை. "இடது கை நகத்தை வெட்டிட்டியா?" என்றார். வெட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.