அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர்: டைல்ஸா, கிரானைட்டா, கண்ணாடியா?

அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு டைல்ஸ் எடுக்கப் போனால், பெரும்பாலும் கலரும் பூவும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம். ஆனால் தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கிற சுவர் அது. டைல்ஸ் மேல் தெறித்த எண்ணெய் துடைத்தால் போய்விடும். இரண்டு டைல்ஸுக்கு நடுவே உள்ள ஜாயிண்டில் இறங்கினால் போகாது. வெள்ளை சிமெண்ட் ஜாயிண்டில் சாம்பாரின் மஞ்சள் ஏறிவிட்டால், எவ்வளவு தேய்த்தாலும் பழைய நிறம் வராது. அதனால் அடுப்புக்கு நேர் பின்னால் ஜாயிண்ட் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கீழே சொல்லும் எல்லாம் இதை வைத்துத்தான்.

படி 1: அளவு எடுங்கள்

மேடையின் நீளம், மேடையிலிருந்து மேல் அலமாரியின் அடிவரை உயரம், இந்த இரண்டையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அடுப்பு இருக்கும் பகுதியைத் தனியாக அளக்க வேண்டும். அங்கே சிம்னி இருந்தால் அதன் அடி வரைக்கும், இல்லையென்றால் மேடையிலிருந்து 4 அடி உயரத்துக்காவது டைல்ஸ் போக வேண்டும். ஸ்விட்ச் பெட்டி அடுப்புக்கு நேர் மேலே இருந்தால், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

படி 2: எதைப் போடுவது?

கழுவக்கூடிய பெயிண்ட் என்று விற்பதை அடுப்புக்குப் பின்னால் அடிக்க வேண்டாம். அதைத் தேய்த்துத் தேய்த்தே சுவர் தெரிய ஆரம்பித்துவிடும். பிவிசி ஷீட்டும் ஒட்டும் ஸ்டிக்கரும் தீக்குப் பக்கத்தில் வரவே கூடாது.

கிரானைட் நல்ல தேர்வு. மேடைக்கு வாங்கும்போதே சுவருக்கும் சேர்த்து வாங்கினால், அடுப்புக்குப் பின்னால் ஒரே பலகையாக ஜாயிண்ட் இல்லாமல் நிறுத்தலாம். அடர்ந்த நிறமாக எடுங்கள். வெளிர் கிரானைட் எண்ணெயை உறிஞ்சித் திட்டுத்திட்டாகக் கறுக்கும்.

கண்ணாடிக்கும் ஜாயிண்ட் கிடையாது, துடைப்பது சுலபம். ஆனால் டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிப் பதப்படுத்திய உறுதியான கண்ணாடிதான் போட வேண்டும். சாதாரண கண்ணாடி சூட்டில் விரிசல் விடும். டஃபன்டு கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. ஸ்விட்ச் பெட்டிக்கான ஓட்டையை ஆர்டர் கொடுக்கும்போதே அளவோடு சொல்லிவிட வேண்டும்.

செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும், பின்னால் ஒன்று உடைந்தால் மாற்றவும் வேண்டும் என்றால் என் சிபாரிசு 12-க்கு 24 இன்ச் செராமிக் டைல்ஸ்தான். பளபளப்பான கிளாஸி எடுங்கள். சொரசொரப்பும் மேடுபள்ளமும் உள்ள டிசைன் கடை வெளிச்சத்தில் அழகாகத் தெரியும். வீட்டில் அந்தப் பள்ளங்களில்தான் பிசுக்கு தங்கும்.

படி 3: எத்தனை டைல்ஸ்?

மேடை 7 அடி, மேல் அலமாரி வரை உயரம் 60 செ.மீ., அடுப்பு நடுவில் என்று வைத்துக்கொள்வோம். 12-க்கு 24 டைல்ஸை நிற்க வைத்து ஒட்டினால் ஒரே வரிசைதான், குறுக்கு ஜாயிண்டே வராது. 7 டைல்ஸ் போதும் என்று தோன்றும். ஆனால் கடையில் 12 இன்ச் என்று சொல்வது உண்மையில் 300 மி.மீ. 7 அடியோ 2134 மி.மீ. ஏழும் ஒட்டி முடித்தால் மூலையில் 2 செ.மீ. சந்து மிஞ்சும். அதில் ஒரு சீவலை வெட்டிச் செருகினால் பார்க்கவே நன்றாக இருக்காது.

அதனால் நடுவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அடுப்பின் நடுக்கோட்டில் ஒரு ஜாயிண்ட் வரட்டும். அதற்கு இடது பக்கம் மூன்று முழு டைல்ஸ், வலது பக்கம் மூன்று. இரண்டு ஓரத்திலும் 16 செ.மீ. துண்டு ஒவ்வொன்று. இப்படி வைத்தால் இரண்டு பர்னருக்குப் பின்னாலும் ஒவ்வொரு முழு டைல்ஸ் நிற்கும். மொத்தம் 8. சிம்னி இல்லாமல் அடுப்புப் பகுதியைச் சுமார் 4 அடிக்கு ஏற்றினால் இன்னும் 2. உடைசலுக்கும் பிற்காலத்துக்கும் 2 சேர்த்து வாங்கி, மிச்சத்தைப் பரணில் போட்டு வையுங்கள். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். எண் மாறினால் நிறமும் லேசாக மாறும்.

படி 4: சுவரும் ஒட்டும் வேலையும்

பட்டி, பெயிண்ட் மேல் டைல்ஸ் பிடிக்காது. பூச்சு தெரியும்வரை சுரண்டி, கொத்திவிட வேண்டும். டைல்ஸ் பசையில் ஒட்டுவதாக இருந்தால் டைல்ஸை ஊறவைக்கத் தேவையில்லை. சிமெண்ட் கலவை என்றால் கட்டாயம் ஊறவைக்க வேண்டும்.

கொத்தனார் வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு உருண்டை கலவை வைத்து அழுத்துவது வேகமான முறைதான். ஆனால் டைல்ஸுக்குப் பின்னால் வெற்றிடம் விழும். பல் வைத்த கரண்டியால் பசையை முழுக்கப் பரப்பச் சொல்லுங்கள். காய்ந்ததும் விரலால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் அந்த டைல்ஸை எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும்.

படி 5: ஜாயிண்ட்

டைல்ஸுக்கு நடுவே சம இடைவெளி விட 2 மி.மீ. ஸ்பேசர் வைத்து ஒட்டி, ஒரு நாள் காய்ந்த பிறகு ஜாயிண்டில் எபாக்ஸி கிரௌட் (கலந்து பூசும் ரெசின் கலவை) நிரப்புங்கள். சிமெண்ட் கிரௌட்டைவிடப் பல மடங்கு விலைதான். ஆனால் இந்தச் சுவருக்கு 1 கிலோ பாக்கெட்டே தாராளம், எண்ணெயும் மஞ்சளும் அதில் இறங்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பூசி, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குள் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும். டைல்ஸ் மேல் காய்ந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. நிறம் வெளிர் சாம்பலாக இருக்கட்டும்.

கடைசியாக, மேடையும் சுவரும் சேரும் கோட்டில் கிரௌட் வேண்டாம், ரப்பர் போலக் காயும் சிலிக்கான் அடியுங்கள். மேடை லேசாக அசைந்தாலும் அது விரிசல் விடாது. அப்புறம் ஒரு நாளாவது அந்த இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.