ஷெல் சோதனைகளை நிக்ஸ்ஓஎஸ் சோதனைச் சட்டகத்துக்கு மாற்றும் முறை

யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் கணினி ஆய்வுகூடத்துக்காக, நிக்ஸ்ஓஎஸ்ஸை (முழு அமைப்பையும் கோப்புகளில் எழுதிக் கட்டும் லினக்ஸ் வகை) அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம் ஒன்றைப் பேணுகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். பாடக் குறிப்புகளை என்ஜின்எக்ஸ் என்ற இணைய வழங்கி மென்பொருள் தருகிறதா என்று பார்க்கும் பழைய ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் தொகுப்பு), மெய்நிகர் கணினியை இயக்கி, 30 செக்கன் காத்திருந்து, அக்கணினிக்கு உள்ளிருந்தே பக்கத்தைக் கேட்கிறது. வேகம் குறைந்த மடிக்கணினியில் அந்த 30 செக்கன் போதாது. இதை, மெய்நிகர் கணினிகளை இயக்கிச் சோதிக்கும் நிக்ஸ்ஓஎஸ்ஸின் சோதனைச் சட்டகத்துக்கு மாற்றுவோம்.

முதலில், டெவ் அடைவில் கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகராக்க வசதி) என்ற கோப்பு உள்ளதா எனப் பாருங்கள். இல்லையெனில் பயாஸில் மெய்நிகராக்கத்தை இயக்குங்கள்; அது இல்லாவிட்டால், மெய்நிகர் கணினிகளை இயக்கும் கியூஎமு மென்பொருள் ஆமை வேகத்தில்தான் நகரும்.

அடுத்து, சோதனைக் கோப்பின் 'நோட்ஸ்' பகுதியில் வழங்கி, மாணவர் என இரண்டு கணினிகளை வரையறுங்கள். வழங்கிக்கு ஆய்வுகூடத்தின் அமைப்புக் கோப்பையே கொடுங்கள். சோதனைக்கென வேறொன்று எழுதினால், பிள்ளைகள் பயன்படுத்தும் கணினியை நீங்கள் சோதித்ததாகாது.

மூன்றாவதாக, பைதனில் எழுதப்படும் 'டெஸ்ட்ஸ்கிரிப்ட்' பகுதி. காத்திருக்கும் வரியை அப்படியே பெயர்த்து எழுதாமல், எதற்காகக் காத்திருந்தோமோ அதையே கேளுங்கள்: வழங்கியில் என்ஜின்எக்ஸ் சேவைக்கு 'வெயிட்_ஃபார்_யூனிட்', பின்னர் இணையப் பக்கக் கோரிக்கைகள் வரும் 80ஆம் துறைக்கு (போர்ட்) 'வெயிட்_ஃபார்_ஓப்பன்_போர்ட்'. இவ்விரண்டும் வழங்கிக்கு உள்ளிருந்தே பார்ப்பவை என்பதால், நிக்ஸ்ஓஎஸ்ஸில் இயல்பாகவே இயங்கும் தீச்சுவர் (ஃபயர்வால்) அத்துறையை வெளியாருக்கு மூடியிருந்தாலும் வெற்றி என்றே சொல்லும். பழைய ஸ்கிரிப்டின் குறையும் இதுவே. ஆகவே மாணவர் கணினியிலிருந்து 'சக்சீட்' மூலம், பக்கத்தைக் கேட்டு வாங்கும் கர்ல் கட்டளையை இயக்குங்கள்; கட்டளை தோற்றால் 'சக்சீட்' சோதனையையும் தோற்கச் செய்யும். கர்லுக்கு 'ஃபெயில்' தெரிவைச் சேர்க்க மறவாதீர்கள். அது இல்லாவிட்டால் 404 (பக்கம் இல்லை) என்று வந்தாலும் கர்ல் வெற்றிக் குறியீட்டையே திருப்பித் தரும்.

இனி நிக்ஸ்ஓஎஸ்ஸின் கட்டமைப்புக் கருவியான நிக்ஸைக் கொண்டு சோதனையைக் கட்டுங்கள். தேவையான மென்பொருள் பொதிகள் முன்னரே இறங்கிவிடும். சோதனைக் கணினிகளுக்கு வெளி இணையம் கிடையாது. எனவே இணையத்திலிருந்து எதையாவது எடுக்கும் பழைய வரிகளை இப்போதே நீக்குங்கள். எங்காவது சிக்கினால், ஊடாடு முறையில் இயக்கிப் பைதன் வரிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கலாம். பிழைப்பதிவை வாசித்து ஊகிப்பதைவிட எனக்கு இதுவே உகந்ததாகப் படுகிறது.

சோதனை வெற்றி பெற்றதும், ஆய்வுகூட அமைப்புக் கோப்பில் தீச்சுவரின் 80ஆம் துறையைத் திறக்கும் வரியை நீக்கி மீண்டும் இயக்குங்கள். தீச்சுவர் தரவுப் பொதிகளை மறுப்புச் செய்தி அனுப்பாமலே கைவிடுவதால் கர்ல் நெடுநேரம் காத்திருக்கும். இணைப்புக்கு 5 செக்கன் எல்லை கொடுத்துவிடுங்கள். இம்முறை சோதனை தோற்றால் மட்டும், அந்த வரியை மீளச் சேர்த்துவிட்டுப் பழைய ஸ்கிரிப்டை அழியுங்கள்.