ஆவணப்படத்துக்கு நிதி கேட்கப் போகிறீர்களா?

முதலில் ஐடிஎஃப்ஏ பெர்தா நிதியைப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவோடு சேர்ந்த இது 1998-இல் யான் ஃப்ரைமன் நிதி என்ற பெயரில் தொடங்கியது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா போன்ற பகுதிகளின் இயக்குநர்களுக்கானது. கிழக்கு ஆப்பிரிக்கர்களுக்கு நைரோபியில் டாக்குபாக்ஸ் இருக்கிறது, இயக்குநர் ஜூடி கிபிங்கே தொடங்கியது. நம் பக்கம் என்றால் கொல்கத்தாவின் டாக்எட்ஜ், நிதி தருபவர்கள் முன்னால் படத் திட்டத்தை எடுத்து வைக்கும் மேடை. அங்கே கதையை எப்படி எடுத்துச் சொல்வது என்று பயிற்சியும் தருகிறார்கள், அதுவே பாதி உதவி.

விண்ணப்பத்தில் 'மீனவர் வாழ்வு பற்றிய படம்' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. யாரைப் பின்தொடர்கிறீர்கள், அவருக்கு இந்த வருடம் என்ன நடக்கப் போகிறது, அவர் வீட்டுக்குள் கேமராவோடு போக உங்களை ஏன் அனுமதிக்கிறார், இதை எழுதுங்கள். கூடவே சில நிமிடக் காட்சிகள் கட்டாயம் வேண்டும். ட்ரோன் காட்சியும் சோக இசையும் வேண்டாம், ஒரே ஆள் பேசாமல் வலை பின்னும் ஒரு முழு ஷாட் போதும்.

பட்ஜெட்டில் நம் ஆட்கள் எப்போதும் விட்டுவிடுவது தங்கள் சொந்தச் சம்பளத்தைத்தான். தயவுசெய்து போடுங்கள், அது பிச்சை இல்லை. ஒலிப்பதிவாளர், சப்டைட்டில், இரண்டாவது ஹார்ட் டிஸ்க், அப்புறம் எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம்.

இந்தியாவில் இருப்பவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே ஆடிட்டரிடம் வெளிநாட்டு நிதி பெறுவதை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுவிடுங்கள்.