போர் தண்ணீருக்கு சாஃப்ட்னர்: என் அனுபவம்

சேலத்தில் மாக்னசைட் சுரங்கங்கள் பக்கம் எங்கள் வீடு. போர் தண்ணீரில் ஷவர் துளையெல்லாம் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும், சோப்பு நுரைக்காது.

தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வாங்கப் போனபோது, கடைக்காரர் டிடிஎஸ் மீட்டரை (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவி) தண்ணீரில் முக்கிக் காட்டினார். அது கடினத்தன்மையை, அதாவது கால்சியம், மெக்னீசியம் அளவை, தனியாகச் சொல்லாது. லேபில் கொடுத்துப் பாருங்கள். எங்கள் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. குடிநீருக்கான இந்தியத் தரத்தின் உச்சவரம்பே அதுதான்.

சாஃப்ட்னருக்குப் பதிலாகக் குழாயில் மாட்டும் காந்தக் கருவி கால்சியத்தை வெளியே எடுக்காது. அதனால் ரெசின் (சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகள்) நிரப்பிய சாஃப்ட்னரே போட்டோம். ரெசின் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அதனால்தான் மாட்டிய பிறகும் டிடிஎஸ் குறையவில்லை. மெஷின் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பக்கெட்டில் நுரை பொங்கியதைப் பார்த்து அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவ்வப்போது உப்புக் கரைசல் விட்டு ரெசினைக் கழுவணும். அந்தக் கழிவுநீரை வாழை, கறிவேப்பிலைக்கு விடவே கூடாது. குடிக்க, சமைக்க மேட்டூர் தண்ணீர்தான்.