டிக் டிக் சத்தம்: பழைய அம்பாசடரில் டாப்பெட்டைத் தொடுவதற்கு முன்

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் ஷெட்டுக்குள் ஒரு பழைய வண்டி தார்ப்பாய் போர்த்தி நிற்பது புதிதல்ல. வருஷத்தில் பத்து மாதம் தூக்கம். கல்யாணம், படைப்பு (குலதெய்வத்துக்கும் முன்னோருக்கும் செய்யும் வழிபாடு) என்று வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து இறங்கியதும் பேட்டரியை மாட்டி எழுப்புவார்கள். எழுந்ததும் பானெட்டுக்குள்ளிருந்து தையல் மெஷின் ஓடுவது போல டிக் டிக் டிக். எங்கள் ஐயா காலத்துப் பெட்ரோல் அம்பாசடரும் அப்படித்தான்.

"டாப்பெட்தான் தம்பி, கொஞ்சம் டைட் வைங்க, போயிரும்" என்று பக்கத்தில் நிற்கிற ஒருவர் கட்டாயம் சொல்வார். டாப்பெட் என்று பேச்சில் சொல்வது, இன்ஜின் வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை. நானும் அதைக் கேட்டு, எட்டு வால்வையும் சத்தம் நிற்கும்வரை முறுக்கினேன். வண்டி பூனை மாதிரி ஓடியது. ஒரு மாதம் கழித்துத் திருமயம் போகும்போது இழுவை இல்லை, சிக்னலில் நிறுத்தினால் குலுங்கி அணைந்துபோனது. ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) கழற்றினால் ஒரு எக்ஸாஸ்ட் வால்வின் (புகையை வெளியே விடும் வால்வு) விளிம்பு, எலி கடித்த முறுக்கு மாதிரி, ஓரத்தில் பிய்ந்திருந்தது.

காரணம் எளிது. வால்வு மூடி, சீட்டில் (ஹெட்டில் அது பொருந்தி உட்காரும் வளையத்தில்) அழுந்தி உட்காரும்போதுதான் அதன் சூடு ஹெட்டுக்கு இறங்கும். இன்ஜின் சூடேறினால் வால்வு நீளும். அந்த நீட்சிக்காகத்தான் ராக்கருக்கும் (வால்வைத் தள்ளித் திறக்கும் நெம்புகோல்) வால்வுத் தண்டுக்கும் நடுவில் இடைவெளி விடுகிறார்கள். இடைவெளியை முறுக்கி அடைத்தால் வால்வு முழுதாக மூடாது, சூடு இறங்காது, கருகும். அதனால் டிக் டிக் என்று தட்டுகிற வால்வைவிட, சத்தமே போடாத டைட்டான வால்வுக்குத்தான் நான் இப்போது பயப்படுகிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளுங்கள். நம் ஊர் மதில் சுவர்களுக்கு நடுவில் எந்தச் சத்தமும் நான்கு பக்கமும் மோதித் திரும்பும், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்: ஆயில் குறைந்திருக்கும், அல்லது தார் மாதிரி கருத்து இறுகியிருக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் மேலே இருந்த ஆயிலெல்லாம் கீழே இறங்கியிருக்கும் என்பதால், ஸ்டார்ட் செய்த முதல் ஒரு நிமிடம் சத்தம் வந்து தானாக அடங்கினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடங்கவில்லையா? ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், ஓடவிட்டுக் காது கொடுங்கள். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால்தான் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். ஐடில் 800 சுற்று என்றால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 தடவை திறக்கும், அதாவது நொடிக்கு ஆறேழு தட்டு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தட்டும் அதே கணக்கில் வேகமாகும். தாளம் இப்படி இருந்தால் மட்டும் வால்வு பக்கம் சந்தேகப்படலாம். அப்போதும் சந்தேகம் மட்டும்தான், ஏனென்றால் கேம் ஷாஃப்ட் தள்ளி இயங்கும் பெட்ரோல் பம்பும் இதே தாளத்தில் தட்டும்.

அடுத்து நீளமான திருப்புளி ஒன்று. முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்துங்கள். டாக்டர் குழாய் மாதிரி கேட்கும். குனிவதற்கு முன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வையுங்கள், வேட்டியை இறுக்கிக் கட்டுங்கள். ஃபேன் பெல்ட்டுக்கு அது துண்டா கையா என்று தெரியாது. வால்வ் கவரின் முன்பக்கம், நடு, பின்பக்கம், அப்புறம் பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். சத்தம் எங்கே கூர்மையாகக் காதில் குத்துகிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறான்.

ஹெட்டிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்டுக் குழாயின் பேக்கிங் கசிந்தாலும் அச்சு அசலாக டாப்பெட் மாதிரியே டிக் டிக் என்று வரும். ஆனால் அது காற்று. திருப்புளியில் சரியாகப் பிடிபடாது. ஒரு முழம் ரப்பர் குழாயை எடுத்து ஒரு நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை மேனிஃபோல்டு ஓரமாக, சூட்டில் படாமல் நகர்த்துங்கள். கசிகிற இடத்தில் 'புஸ் புஸ்' என்று காதில் ஊதும். ஆறிய இன்ஜினில் அதிகமாகவும் சூடேறியதும் குறைவாகவும் கேட்டால், பெரும்பாலும் இந்த பேக்கிங்தான். லூசான பிளக்கும் இப்படித்தான் ஏமாற்றும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சத்தம் வால்வ் கவருக்குள்தான் என்றால், கவரைக் கழற்றுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்துக் கழற்ற வேண்டாம். ஆயில் கறை இறங்கினால் வீட்டில் ஆச்சி மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். கவர் இல்லாமல் மெதுவான ஐடிலில் விட்டு ஒவ்வொரு ராக்கரையும் பாருங்கள், எல்லாவற்றிலும் ஆயில் கசிந்து பளபளக்க வேண்டும். ஒன்று மட்டும் காய்ந்திருந்தால் ராக்கர் ஷாஃப்டின் துளை அடைத்திருக்கிறது. அங்கே டாப்பெட் அட்ஜஸ்ட் செய்து பயனில்லை, கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லையென்றால் மெல்லிய ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும்) தகட்டை, ஓடிக்கொண்டிருக்கும்போதே, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள். எதில் நுழைத்ததும் சத்தம் சட்டென்று அடங்குகிறதோ, அதுதான் குற்றவாளி. கொஞ்சம் ஆயில் தெறிக்கும், நல்ல சட்டை வேண்டாம்.

அளவு பார்க்க இன்ஜினை அணைத்து, பிளக்குகளைக் கழற்றி, ஹேண்டிலால் கையில் சுற்றுங்கள். நான்கு சிலிண்டர், எட்டு வால்வுக்கு ஒன்பது கணக்கு: முன்பக்கத்திலிருந்து எண்ணி, 8ஆம் வால்வு முழுதாகத் திறந்து கீழே இறங்கியிருக்கும்போது 1ஐப் பாருங்கள், 6 திறந்திருந்தால் 3, 4 திறந்திருந்தால் 5. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 9. பழைய பெட்ரோல் அம்பாசடருக்கு வழக்கமாக வைக்கும் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். இன்ஜின் மாற்றிய வண்டி என்றால் அந்த இன்ஜினின் புத்தகத்தில் உள்ள எண்தான் கணக்கு. சூட்டில் பார்ப்பதா ஆறிய பிறகா என்பதும் அதிலேயே இருக்கும். தகடு லொடலொட என்று ஆடக் கூடாது, சிக்கவும் கூடாது. கனத்த பேரேட்டுக்கு அடியில் மாட்டிய ஒற்றைத் தாளை உருவுகிற இழுப்பு இருக்க வேண்டும். இடைவெளியை மாற்றும் ஸ்க்ரூவை நகராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து சுற்றிவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை தகட்டை விட்டுப் பாருங்கள். முதல் தடவை எட்டில் ஐந்தை நான் இரண்டு முறை செய்தேன்.

அளவு சரியாக வைத்தும் அதே ராக்கர் தட்டினால், அதன் நுனியில் வால்வு தட்டித் தட்டிக் குழி விழுந்திருக்கும். தட்டையான தகடு அந்தக் குழிக்குள் இறங்காமல் மேலே பாலம் மாதிரி நிற்பதால், தகடு சரி என்று சொல்லும், உண்மை இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும். ராக்கரை மாற்றுங்கள், முறுக்கி ஈடுகட்டாதீர்கள்.

கழற்றும்போது இருந்த அளவுகளை, மாற்றுவதற்கு முன்பே, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல்தான். ஈயம் தந்த பூச்சு இல்லாததால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டுக்குள் அமிழும், இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே போகும். சத்தமும் வராது. என் நோட்டில் 4ஆம் வால்வு மூன்று முறையாக மற்றவற்றைவிடக் குறைவாகவே இருக்கிறது. அடுத்த படைப்புக்கு முன் ஹெட்டை இறக்கிப் புது சீட் போடச் சொல்லியிருக்கிறேன்.