மாசமாக இருக்கும்போது எதிர்ப்பு சக்தி: எங்கே தப்புக்கணக்குப் போடுகிறோம்?

இரண்டு முறை கரு கலைந்த ஓர் உறவுக்காரப் பெண் போன வருடம் தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். நான் லேபில் சில வருடம் வேலை பார்த்தவள் என்பதால் குடும்பத்தில் யாருக்கு ரத்தம் எடுத்தாலும் ரிப்போர்ட் என்னிடம் வந்துவிடும். ‘என்கே செல்’ (ஒரு வகை வெள்ளணு) என்ற வரிக்கு எதிரே 19 சதவீதம் என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. “அக்கா, என் உடம்பே குழந்தையைக் கொல்லுதாம். எதிர்ப்பு சக்தியை அடக்க ஊசி போடணும்னு சொல்றாங்க” என்று கீழே எழுதியிருந்தாள். அதே வாரம் அவள் மாமியார், எதிர்ப்பு சக்தி ஏறட்டும் என்று சீந்தில் பொடி வாங்கி வந்து வைத்திருந்தார்.

ஒரே உடம்பு. ஒருவர் அடக்கச் சொல்கிறார், இன்னொருவர் ஏற்றச் சொல்கிறார். இந்த விஷயத்தில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு யோசனைகளில் ஏதோ ஒன்றிலிருந்து வந்தவைதான்.

குழந்தையின் மரபணுவில் பாதி அப்பாவுடையது. அம்மாவின் உடம்புக்கு அது பாதி அந்நியம். வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினால் மருந்தில்லாமல் ஏற்றுக்கொள்ளாத உடம்பு, ஒரு குழந்தையைப் பத்து மாதம் எப்படி வைத்துக் காப்பாற்றுகிறது? 1953-ல் பீட்டர் மெடவார் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இந்தக் கேள்வியை எழுப்பினார். தாயின் எதிர்ப்பு சக்தி அப்போது மந்தமாகிவிடுகிறதோ என்பது அவர் முன்வைத்த ஊகங்களில் ஒன்று. அந்த ஊகம் பிற்பாடு நிற்கவில்லை. ஆனால் மந்தம் என்ற நினைப்பு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

உண்மையில் அது வேலையை மாற்றிக்கொள்கிறது. கரு கருப்பைச் சுவரில் பதியும் நாட்களில் அங்கே புண் ஆறுவதைப் போன்ற ஓர் அழற்சி நடக்கிறது. அது நடந்தால்தான் கரு ஒட்டும். நடு மாதங்களில் அமைதி. பிரசவ நேரத்தில் மறுபடி அழற்சி, வலி தொடங்குவதில் அதற்கும் பங்குண்டு. கருப்பைக்குள் ஊடுருவும் நஞ்சுக்கொடியின் செல்கள் ஹெச்எல்ஏ-ஜி என்ற ஒரு புரதத்தை வெளியே காட்டிக்கொள்கின்றன. தாயின் காவல் செல்களுக்கு அது ‘நம்ம ஆள்தான்’ என்ற அடையாளம் மாதிரி.

‘கொலைகார செல்’ என்ற பெயர் செய்யும் குழப்பம்

என்கே என்பதன் முழுப் பெயர் ‘நேச்சுரல் கில்லர்’. அதிலேயே ‘கொல்லி’ என்ற பொருள் இருக்கிறது. அதைக் கேட்டதும் பயம் வருவது இயற்கை. ஆனால் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கருப்பைச் சுவரில் இருக்கும் வெள்ளணுக்களில் சுமார் 70 சதவீதம் இந்த வகைதான். ஆரோக்கியமான எல்லாக் கர்ப்பத்திலும் அப்படித்தான். அவை குழந்தையைத் தாக்குவதில்லை. கருப்பையின் சுருண்ட ரத்தக்குழாய்களை அகலப்படுத்த உதவுகின்றன, நஞ்சுக்கொடிக்குப் போதிய ரத்தம் போவதற்காக. அந்த அகலப்படுத்தும் வேலை சரியாக நடக்காத கர்ப்பங்களில்தான் பின்னாளில் ரத்த அழுத்தம் ஏறுவதும் குழந்தை எடை கூடாமல் நிற்பதும் அதிகம்.

கையில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்தில் இருக்கும் என்கே செல்லும் கருப்பையில் இருப்பதும் ஒன்றல்ல, குணமும் வேறு. ரத்தத்தில் அந்த எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்குக்கூட பதற்றத்தில் ஒன்று, ஓடி வந்தபின் ஒன்று. ஆரோக்கியமான பெண்களிடமே 20 சதவீதத்தைத் தாண்டுவதுண்டு. அவளுடைய 19-ஐ வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது.

அந்த எண்ணைக் காட்டி வரிசையாக வருபவை: ஸ்டீராய்டு மாத்திரை, சோயா எண்ணெய்க் குழம்பை டிரிப்பில் ஏற்றுவது, இம்யூனோகுளோபுலின் என்ற எதிரணு (ஆன்டிபாடி) மருந்து, அப்புறம் கணவரின் வெள்ளணுக்களைப் பிரித்து மனைவிக்கு ஊசியாகப் போடுவது. இந்தக் கடைசிச் சிகிச்சையை அமெரிக்காவில் முறையாகச் சோதித்து 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். பலன் இல்லை. ஊசி போட்டவர்களிடம் கர்ப்பம் தங்கியது குறைவாகவே இருந்தது. 2002-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஆய்வுக்கு வெளியே இதைச் செய்யக் கூடாது என்று நிறுத்தியது. இங்கே இன்றும் இதைப் பரிந்துரைக்கும் இடங்கள் உண்டு. ஸ்டீராய்டும் விளையாட்டுப் பொருள் இல்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும்.

இதைவிட ஒரு எளிய உண்மையைப் பலருக்கு யாரும் சொல்வதே இல்லை. ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு, அந்தக் கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் வந்த பிழைதான் காரணம். அம்மாவின் உடம்பு எதையும் கொல்லவில்லை. அவள் தூக்கிய குடம், சாப்பிட்ட பப்பாளித் துண்டு, ஏறிய பஸ் இவற்றின் மேல் போடும் பழிதான் வீட்டில் வருடக்கணக்கில் நிற்கிறது.

நிஜமாகவே பார்க்க வேண்டிய சோதனை

எதிர்ப்பு சக்தி கர்ப்பத்தைக் கெடுக்கும் நிலைகள் இல்லாமல் இல்லை. அவற்றில் முக்கியமானது, ரத்தத்தை உறையத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிரணுக்கள். கரு திரும்பத் திரும்பக் கலைந்தாலோ, பத்து வாரம் தாண்டி நன்றாக வளர்ந்த குழந்தையின் துடிப்பு நின்றுபோனாலோ இதைச் சோதிப்பது அவசியம். இங்கே நடக்கும் தவறு இரண்டு விதம். சோதிக்காமலே விடுவது ஒன்று. ஒரு முறை பாசிட்டிவ் என்று வந்ததும் அதையே முடிவாக எடுத்துக்கொள்வது இன்னொன்று. சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகுகூட இந்த எதிரணுக்கள் தற்காலிகமாகத் தலைகாட்டும். அதனால் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் இருந்தால்தான் நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுப்பார்கள். இதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது; மேலே சொன்ன பட்டியலில் எதற்கும் இந்த அளவு கிடையாது.

ஏழாம் மாதம் தொலைந்துபோகும் ஊசி

அவள் அனுப்பிய ரிப்போர்ட்டுக்கு வருவோம். அதன் முதல் பக்கத்தின் மூலையில் ரத்த வகை ‘ஏ நெகட்டிவ்’ என்று இருந்தது. கணவர் பாசிட்டிவ். இரண்டாவது முறை 14 வாரத்தில் கலைந்து, கருப்பையைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். “அப்ப ஆன்டி-டி ஊசி போட்டாங்களா?” என்று கேட்டேன். “அப்படின்னா?” என்றாள். லட்சம் ரூபாய்ச் சிகிச்சைக்கு விலை விசாரித்த குடும்பம் அது.

நம் நாட்டில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கு ஆர்ஹெச் நெகட்டிவ், அதாவது நெகட்டிவ் ரத்த வகை. அம்மா நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால், குழந்தையின் சிவப்பணுக்கள் கொஞ்சம் அம்மாவின் ரத்தத்தில் கலக்கும்போது அம்மாவின் உடம்பு அதற்கு எதிரணு தயாரிக்கக் கற்றுக்கொள்ளும். பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான் கலப்பதால் தலைப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த குழந்தைதான் மாட்டிக்கொள்ளும்: ரத்தசோகை, கடும் மஞ்சள் காமாலை, வயிற்றிலேயே இறப்பு. ‘முதல் குழந்தை நல்லாத்தானே பிறந்தது’ என்ற சமாதானம் இந்த விஷயத்தில் செல்லாது.

ஆன்டி-டி ஊசி 1960-களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்தது. அம்மாவின் உடம்பு கற்றுக்கொள்வதற்கு முன்பே, வந்து சேர்ந்த குழந்தை அணுக்களை அகற்றிவிடுவது அதன் வேலை. அது மனித ரத்தப் பிளாஸ்மாவிலிருந்தே தயாராகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 1954 முதல் 2018 வரை 1,173 முறை தானம் செய்தார். அவர் பிளாஸ்மாவிலிருந்து வந்த மருந்து 24 லட்சம் குழந்தைகளுக்கு உதவியிருக்கும் என்று அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிட்டது. 2025-ல் தன் 88-வது வயதில் காலமானார்.

இந்த ஊசியை 28-வது வாரத்தில் ஒரு முறையும், குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் ஒரு முறையும் போடுவார்கள். 28-வது வாரம் என்பது நம்மிடம் வளைகாப்பு நேரம். பெண் அம்மா வீட்டுக்குப் போவாள். ஊர் மாறும், டாக்டர் மாறுவார். பழைய டாக்டர் ‘அடுத்த விசிட்டில் போடலாம்’ என்று எழுதியது பழைய ஃபைலிலேயே இருக்கும். புது டாக்டர், போட்டிருப்பார்கள் என்று நினைப்பார். வளையலோடு ஃபைலையும் சேர்த்து அனுப்புங்கள். முதல் பக்கத்தில் ‘நெகட்டிவ், ஆன்டி-டி போட்ட தேதி’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பிரசவம் மட்டும் கணக்கில்லை. கருச்சிதைவு, கருக்குழாயில் கரு தங்குவது, வயிற்றில் பலமாக அடிபடுவது, இடையில் ரத்தப்போக்கு, எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி வரும். 12 வாரத்துக்கு முன் தானாகக் கலைந்தால் ஊசி தேவையா என்பதில் வழிகாட்டுதல்கள் ஒரே மாதிரி இல்லை, டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ரத்த வகையே தெரியாமல் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கலைப்பதில் இருக்கும் பல ஆபத்துகளில் இதுவும் ஒன்று. 72 மணி தாண்டிவிட்டது, இனி பிரயோஜனமில்லை என்று சும்மா இருப்பதும் தவறு. தாமதமாகப் போட்டாலும் ஓரளவு பலன் இருக்கலாம். ஏற்கெனவே எதிரணு உருவாகிவிட்டால்தான் ஊசி வேலை செய்யாது; கூம்ப்ஸ் டெஸ்ட் என்று எழுதிக் கொடுப்பது அதைப் பார்க்கத்தான்.

ஏற்றப் போய் இழுத்துக்கொள்வது

சில கிருமிகள் கர்ப்பிணிகளை மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்கும் என்பது உண்மை. ஃப்ளூ, மலேரியா, அப்புறம் ஹெபடைட்டிஸ் ஈ. கெட்ட தண்ணீரில் பரவும் இந்த மஞ்சள் காமாலை, கடைசி மூன்று மாதத்தில் வந்தால் நூற்றுக்கு 20, 25 பேர் வரை உயிரிழக்கலாம். இதற்குப் பொடியும் கஷாயமும் பதில் இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதுதான் பதில். சீந்தில் கல்லீரலைப் பாதித்ததாக இந்திய மருத்துவமனைகளிலிருந்தே அறிக்கைகள் வந்திருக்கின்றன. ‘இம்யூனிட்டி’ என்று பெயரிட்ட விட்டமின் டப்பாக்களில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறிப் போனால் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியையே கெடுக்கும். கீரை, கேரட்டில் வருவதால் அந்தப் பயமில்லை.

எதிர்ப்பு சக்தியைக் கர்ப்பத்தில் நிஜமாகவே ‘ஏற்றுவது’ தடுப்பூசிதான். அதையோ பயந்து தள்ளிப் போடுகிறார்கள். அம்மாவின் எதிரணுக்களில் ஒரு வகை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், அதிலும் கடைசி வாரங்களில்தான் அதிகம். நிறைமாதக் குழந்தைக்கு இவற்றின் அளவு அம்மாவைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். டெட்டனஸ்–டிப்தீரியாவுக்கான டிடி ஊசி நமக்குப் பழக்கம். பச்சைக்குழந்தைகளைக் கொன்ற டெட்டனஸை இந்தியா கட்டுப்படுத்திவிட்டதாக 2015-ல் உலகச் சுகாதார நிறுவனம் உறுதி செய்ததில் அப்போது போட்டுவந்த டெட்டனஸ் ஊசிக்குப் பெரும் பங்குண்டு. ஃப்ளூ ஊசி எந்த மாதத்திலும் போடலாம். கக்குவான் இருமலுக்கானதை 27 முதல் 36 வாரத்துக்குள் போடலாம். இவற்றில் உயிருள்ள கிருமி இல்லை.

ரூபெல்லா, சின்னம்மை ஊசிகளில் உயிருள்ள, வலுக் குறைத்த கிருமி இருப்பதால் கர்ப்பத்தில் போட மாட்டார்கள். கல்யாணம் நிச்சயமானதுமே போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்துக் குழந்தைக்கு முயலலாம். ரூபெல்லா ஊசி போட்ட பிறகுதான் உண்டாகியிருப்பது தெரிந்தது என்றால் பதறிப்போய்க் கருவைக் கலைக்க ஓடாதீர்கள். அதற்காகக் கலைக்க வேண்டியதில்லை என்பதில் மருத்துவ அமைப்புகளிடம் கருத்து வேறுபாடு கிடையாது.

இரண்டு கோடு பார்த்ததும் மாத்திரையை நிறுத்துவது

லூபஸ், முடக்குவாதம், தைராய்டு எதிரணு என்று, எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நிலை உள்ள பெண்கள் செய்யும் தவறு இது. வயிற்றில் குழந்தை, மருந்து வேண்டாம் என்று தாங்களாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். லூபஸுக்கான ஹைட்ராக்ஸிக்ளோரோகுயினை நிறுத்தினால் நோய் சீறும், அதுதான் குழந்தைக்கு ஆபத்து, தொடர்வதே முறை. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டையோ கர்ப்பத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், உண்டானது தெரிந்தபின் நிறுத்துவது தாமதம். அதனால் பேச்சு முயற்சிக்கு முன்பே தொடங்க வேண்டும். லூபஸ் ஆறு மாதமாவது அடங்கியிருந்த பிறகு உண்டாவது நல்லது.

தைராய்டு மாத்திரையின் அளவைக் கர்ப்பத்தில் பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும். அதையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்குவது பல வீடுகளில் வழக்கம். இரும்பு அதை உடம்பில் சேரவிடாது. நடுவில் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

பிறந்த பிறகு

முதல் நாட்களில் வரும் மஞ்சள் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை. குழந்தையின் குடல் சுவரில் பூச்சாகப் படிந்து காக்கும் எதிரணுக்கள் அதில்தான் செறிவாக இருக்கின்றன. சேனை வைக்கிறேன் என்று நாக்கில் தேன் தடவுவதையும் விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் போட்டுலிசம் என்ற, நரம்பைத் தாக்கும் நச்சு நோய் வரும் அபாயம் உண்டு. பெரியவர்கள் மனம் நோகும் என்றால் சேனைக்குச் சீம்பாலையே தொட்டு வைக்கச் சொல்லலாம். ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவைத்தான் எல்லாரும் மறந்துவிடுவார்கள். கர்ப்பத்தில் அடங்கியிருந்த முடக்குவாதம் பிரசவமான சில மாதங்களில் திரும்பி வருவது சாதாரணம். இருபது பேரில் ஒருவருக்கு எதிரணுக்களால் தைராய்டு வீங்கி, முதலில் படபடப்பு, அப்புறம் சோர்வு, மனச்சோர்வு, உடல் கனம் என்று மாறி மாறி வரும். ‘பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுகிறார்கள். குழந்தைக்கு மூன்று, ஆறு மாதம் ஆன நேரத்தில் அவள் இப்படிச் சொன்னால் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்று பார்த்துவிடுங்கள், சில நூறு ரூபாய்தான் ஆகும்.